ஒரே ஊரில் தங்கிச் சுற்றுவதா, ஊர் ஊராகத் தங்கிப் போவதா? 8 இரவு கார் பயணத்துக்கு யோசனை வேண்டும்

#1 தாழம்பூ

நண்பர்களே, இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதத்தை இங்கே கொண்டு வந்திருக்கிறேன்.

8 இரவு, 9 பகல். விமானத்தில் ஒரு நகரத்தில் இறங்கி அங்கேயே வாடகைக் கார் எடுக்கிறோம். கடைசியில் அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், ஏழு வயது மகள், மாமனார், மாமியார். மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறினால் சிரமம். வண்டி ஓட்டுவது நானும் கணவரும் மாறி மாறி.

பார்க்க நினைப்பது ஆறு இடங்கள். நடுவில் ஒரு மலையூர் இருக்கிறது, விமான நகரத்திலிருந்து 120 கி.மீ. மலையூரிலிருந்து ஒரு வழித் தூரம் இப்படி: ஏரி 35, கோட்டை 50, அருவி 70, காடு 95, கலங்கரை விளக்கம் 190, தீவுக்குப் படகு கிளம்பும் துறை 215.

என் ஆசை, மலையூரில் ஒரு வீடு எடுத்து எட்டு இரவும் அங்கேயே தங்கித் தினமும் ஒரு திசை போய் வருவது. கணவருக்கு வட்டமாகச் சுற்றி, ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் ஓர் இரவு தங்கிப் போக வேண்டும். அவர் போட்ட வழியில் மொத்தமே 900 கி.மீ.தான், ஆனால் ஏழு இடத்தில் தங்கல். நான் போட்டதில் 1,550 வருகிறது. கிலோமீட்டரைப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. பெட்டிகளை நினைத்தால் எனக்கு மனசே வரவில்லை. இரண்டு விதமாகவும் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மைல்கல்

நான் உங்கள் கணவர் கட்சி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு வருடம் முன்னால் நாங்களும் ஒரே ஊரில் ஆறு இரவு தங்கினோம். ஊர் அருமையான ஊர். ஆனால் எங்கே போவதாக இருந்தாலும் ஒரே பள்ளத்தாக்குச் சாலை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அதில் ஒரு ஒற்றை வழிப் பாலம். எதிர்ப்பக்கம் வண்டி வந்தால் நாம் நிற்க வேண்டும். முதல் நாள் அந்தப் பாலத்தில் இறங்கிப் படம் எடுத்தோம். நான்காம் நாள் மாலை அதே பாலத்தில் பதினைந்து நிமிடம் காத்திருந்தபோது காரில் யாரும் யாருடனும் பேசவில்லை. போகும்போது பார்த்த காட்சியைத் திரும்பும்போது இருட்டில் கடப்பது, அதுவும் களைத்துப்போன கண்ணோடு கடப்பது, எனக்கு வீணாகத்தான் பட்டது.

ஊர் ஊராகப் போகும்போது ஒவ்வொரு கிலோமீட்டரும் புதியது. மாலையில் "இன்னும் எவ்வளவு தூரம் திரும்பணும்" என்ற நினைப்பே இருக்காது. பிடித்த இடத்தில் இருட்டும்வரை உட்காரலாம். அது பெரிய விஷயம்.

#3 மூட்டைமுடிச்சு

மைல்கல் சொல்வது இரண்டு பேர் போகும் பயணத்துக்குச் சரி. ஏழு வயதுப் பிள்ளையும் இரண்டு பெரியவர்களும் கூட வரும்போது கதை வேறு. ஓர் இடத்தைக் காலி செய்யும் காலை எப்படி இருக்கும் என்று அப்படியே சொல்கிறேன், பாருங்கள்.

ஆறரைக்கு எழுந்திருக்கிறோம். ராத்திரி துவைத்துப் போட்டது காயவில்லை, ஈரத்தோடு ஒரு பையில் போடுகிறோம். குளியலறையில் ஐந்து பேர் வரிசை. பெட்டி மூடிய பிறகு யாருக்கோ அடியில் இருக்கும் சட்டை வேண்டும். பிள்ளையின் பொம்மை போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. கட்டிலுக்குப் பின்னால் சுவரோரப் பிளக்கில் சார்ஜர் தொங்குகிறது, அது யார் கண்ணுக்கும் தெரியாது. குளிர்பெட்டியில் மருந்து. எல்லாவற்றையும் கீழே இறக்கி டிக்கியில் அடுக்கினால், கடைசியில் ஒரு பை மட்டும் உள்ளே போகாது. சாவியைக் கொடுத்துவிட்டுச் சக்கரம் உருளும்போது மணி பத்தரை.

போகும் இடத்தில் மட்டும் உடனே அறை கிடைக்குமா? பொதுவாகக் காலை 10, 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நடுவில் இருக்கும் அந்த நாலு மணி நேரம் உங்கள் மாமியாருக்குக் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் இருக்காது. ஏழு தங்கல் என்றால் இதே காலை ஏழு முறை. கிலோமீட்டர் கணக்கில் இது எங்கேயும் ஏறாது.

ஒரே வீடு என்றால், ஒருநாள் பெரியவர்களுக்கு முடியவில்லை என்றால் அவர்கள் வீட்டில் இருக்க, நீங்கள் மூவரும் போய் வரலாம். ஊர் ஊராகப் போனால் எல்லோரும் தினமும் காரில் ஏறியே ஆக வேண்டும்.

#4 கணக்கர்

தாழம்பூ, யோசனை சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி.

கலங்கரை விளக்கத்துக்கும் படகுத் துறைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? படகு எத்தனை மணிக்கு? கோட்டை மலையூருக்கு எந்தத் திசையில் இருக்கிறது?

#5 தாழம்பூ

கலங்கரை விளக்கத்திலிருந்து துறைக்குக் கடலோரமாக 40 கி.மீ. படகு ஒன்றுதான், காலை 7 மணிக்கு. கோட்டை கடல் பக்கம் போகும் சாலையிலேயே இருக்கிறது. ஏரி, அருவி, காடு மூன்றும் எதிர்த் திசைகளில்.

மலைச் சாலையில் சராசரி 40 கிடைத்தால் அதிகம் என்கிறார்கள். கடலோரம் கொஞ்சம் வேகமாகப் போகலாமாம்.

மூட்டைமுடிச்சு, நீங்கள் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "நாலு மணி நேரம் எங்கே உட்கார்வது" என்று உடனே கேட்டுவிட்டார்.

#6 கணக்கர்

நன்றி. இப்போது உங்கள் ஆறு இடங்களையும் ஒரு தாளில் புள்ளியாக வைத்துப் பாருங்கள். நான்கு புள்ளி மலையூரைச் சுற்றி ஒரு கொத்து. இரண்டு புள்ளி கடலோரம் இன்னொரு கொத்து. உங்கள் வீட்டு வாக்குவாதம் தீராததற்குக் காரணம் இதுதான். முதல் கொத்தைப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. இரண்டாவதைப் பார்த்தால் கணவர் சொல்வது சரி.

உங்கள் 1,550ஐப் பிரிக்கிறேன். நகரத்திலிருந்து வர, போக 240. ஏரி 70, கோட்டை 100, அருவி 140, காடு 190, ஆக 500. கலங்கரை விளக்கம் 380, துறை 430, ஆக 810. அதாவது பாதிக்கு மேல் அந்த இரண்டு புள்ளிதான் தின்கிறது.

"இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். போட்டுப் பாருங்கள்: 190, 40, 215, மொத்தம் 445. முழுப் பயணமும் 1,185க்கு இறங்கிவிடும். தாளில் பிரமாதமாக இருக்கும். ஆனால் மணிக்கு 45 வைத்தாலும் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பத்து மணி நேரம். அதற்கு மேல் 7 மணிப் படகைப் பிடிக்க மலையூரிலிருந்து இரவு 2 மணிக்கே கிளம்ப வேண்டும், மலைச் சாலையில், இருட்டில். நடக்காது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்தக் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். பார்க்க வேண்டியது, எந்த நாளின் தலையில் எவ்வளவு விழுகிறது என்பதைத்தான். 1,185 கி.மீ. ஒன்பது நாளில் பரவினால் ஒன்றுமில்லை. அதில் 445 ஒரே நாளில் விழுந்தால் அடுத்த நாளும் சேர்ந்து போச்சு.

நான் சொல்வது இரண்டு முகாம். மலையூரில் நான்கு இரவு, கடலோரத்தில் மூன்று இரவு, கடைசி இரவு விமான நகரத்தில். கடலோரத்தில் விளக்கத்துக்கும் துறைக்கும் நடுவில் ஏதாவது ஒரு சிற்றூரில் தங்கினால் இரண்டும் இருபது இருபது கி.மீ. கோட்டைக்கென்று தனியாகப் போய்த் திரும்ப வேண்டாம், இடம் மாறும் நாளில் வழியிலேயே பார்த்துவிடலாம். அங்கேயே 100 மிச்சம். கடலோரத்திலிருந்து நகரத்துக்கு எவ்வளவு?

#7 தாழம்பூ

260. நேர் சாலை, மலை கிடையாது.

#8 கணக்கர்

அப்படியானால்: 120 + 70 + 140 + 190 + 200 + 80 + 260 = 1,060. மலையூரிலிருந்து கடலோரத்துக்கு 200 வைத்திருக்கிறேன். பெட்டி கட்டும் காலை மூன்றுதான், ஏழு இல்லை.

#9 மைல்கல்

கணக்கர் போட்டதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்கள் "எல்லாப் பயணத்துக்கும் முகாம்தான் சரி" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பாதைகளில் பாதையேதான் பார்க்க வேண்டிய இடம். ஆஸ்திரேலியாவில் கிரேட் ஓஷன் ரோடு இருக்கிறது, 243 கி.மீ. முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்த வீரர்கள் 1919இலிருந்து 1932 வரை கையாலேயே வெட்டிய சாலை. அதை ஒரு முனையில் முகாம் போட்டுப் பார்த்தால், மறுமுனையில் இருக்கும் பாறைத் தூண்களை உச்சி வெயிலில்தான் பார்ப்பீர்கள், உங்களோடு சேர்ந்து எல்லாச் சுற்றுலாப் பேருந்தும் அப்போதுதான் அங்கே நிற்கும். நடுவில் ஓர் இரவு, முடிவில் ஓர் இரவு தங்கினால் அதே தூண்களை மாலை வெளிச்சத்தில் ஆற அமரப் பார்க்கலாம்.

அதனால் என் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்த இடத்தை விடியற்காலையிலோ அந்திப் பொழுதிலோ பார்க்க ஆசை? அங்கே தங்குங்கள். பகலில் பார்த்தால் போதும் என்கிற இடத்துக்குப் போய்த் திரும்பலாம். தாழம்பூ, உங்களுக்கு அப்படி எது?

#10 தாழம்பூ

யோசித்ததே இல்லை. கேட்டதும் தோன்றியது கலங்கரை விளக்கம், விளக்கு ஏற்றும் நேரத்தில். மகளுக்கு அதைத்தான் காட்ட ஆசை.

#11 வெண்பனி

ஐஸ்லாந்தில் நாங்கள் செய்த தவறைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

அந்தத் தீவைச் சுற்றி ஒரு வட்டச் சாலை இருக்கிறது, ரிங் ரோடு. சுமார் 1,300 கி.மீ., 1974இல்தான் வட்டம் முழுமையானது. நாங்கள் ஆறு நாளும் தலைநகர் ரெய்க்யவிக்கிலேயே தங்கினோம். திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்தான், அதுவரை எல்லாம் சுகம். அப்புறம் பனிக்கட்டி மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரிக்குப் போக ஆசைப்பட்டோம். ஒரு வழி 370 கி.மீ.க்கு மேல். போனது டிசம்பரில், அங்கே அப்போது பகல் வெளிச்சமே நான்கு மணி நேரம்தான். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. ஏரிக் கரையில் நின்றது நாற்பது நிமிடம். வழியில் இரண்டு பெரிய அருவிகளைச் சத்தமாக மட்டும் கேட்டோம்.

ஜூன் மாதமாக இருந்திருந்தால் ராத்திரியும் வெளிச்சம்தான், அந்தத் தூரத்தையே வேறு மாதிரி சமாளித்திருக்கலாம். அதனால் தூரத்தோடு அந்த மாதத்தில் சூரியன் எப்போது எழுகிறது, எப்போது விழுகிறது என்பதையும் பாருங்கள். முகாமிலிருந்து போய் வரும் தூரம் பகல் வெளிச்சத்துக்குள் அடங்க வேண்டும்.

#12 குன்றேறி

உயரமான மலைக்குப் போகிறவர்களுக்கு இதில் உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. தாழம்பூவின் மலையூருக்கு இது தேவைப்படாது, இருந்தாலும் இழையில் இருக்கட்டும்.

3,000 மீட்டருக்கு மேல் போனால், முக்கியம் நீங்கள் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட எவ்வளவு உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பது. தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுங்கள் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்வது. லடாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லே நகரமே 3,500 மீட்டர். விமானத்தில் இறங்கியவர்கள் அங்கே இரண்டு மூன்று இரவு அசையாமல் இருந்தால்தான் உடம்பு பழகும். அப்புறம் கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர். பகலில் ஏறி, அந்தப் பக்கம் லேயைவிடத் தாழ்வான நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்கித் தூங்கலாம், பிரச்சினை குறைவு. ஆனால் பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல். வந்து இறங்கிய மறுநாளே அங்கே போய்ப் படுத்தால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் வரும், சிலருக்கு ஆபத்தாகவும் முடியும். அந்த மாதிரி ஊரில் முதல் சில நாள் ஒரே முகாம் என்பது கட்டாயம்.

#13 இரவுப்பறவை

தூக்கம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை. 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை அதே இடத்தில் படுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஏழு இரவில் ஏழு கட்டில் என்றால் ஏழும் முதல் இரவு. மறுநாள் காலையில் வண்டி ஓட்டப் போவதும் அதே ஆள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது 15 நிமிடம் நிறுத்துங்கள் என்று பிரிட்டனின் சாலை விதிநூல் சொல்கிறது. ஐரோப்பாவில் லாரி, பேருந்து ஓட்டுநர்கள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை எடுத்தே ஆக வேண்டும், சட்டம் அது. அதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கே அப்படி என்றால் விடுமுறைக்குப் போகிற நமக்கு எப்படி? வரைபடச் செயலி "4 மணி நேரம்" என்று காட்டினால் நான் அதை ஐந்தாகத்தான் எடுத்துக்கொள்வேன். குழந்தை இருந்தால் ஐந்தரை.

#14 தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி. கணவரும் பக்கத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறார். இரண்டு முகாம் என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம் வந்துவிட்டது. இன்னும் மூன்று சந்தேகம்.

ஒன்று, இடம் மாறும் நாளில் கோட்டையில் இரண்டு மணி நேரமாவது ஆகும். அப்போது எல்லாப் பெட்டியும் காரில் இருக்குமே? இரண்டு, அன்றைக்கு இன்சுலின் காரில் ஐந்தாறு மணி நேரம் இருக்கும். மூன்று, மலையூர் வீட்டில் ஏழு இரவுக்கு மேல் எடுத்தால் வாடகையைக் குறைக்கிறார்கள். நான்கு இரவு என்றால் அந்தத் தள்ளுபடி போய்விடும். எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

#15 மூட்டைமுடிச்சு

பெட்டிகள்: வண்டி நிறுத்தும் இடத்தில் டிக்கியைத் திறக்கவே திறக்காதீர்கள். சுற்றுலா இடங்களில் யார் எதை டிக்கியில் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இருப்பார்கள். கோட்டைக்குள் எடுத்துப் போக வேண்டியதை எல்லாம் மலையூரிலேயே ஒரு தோள்பையில் போட்டு முன் இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இருக்கைகளில் ஒரு துணிப்பைகூட இருக்கக் கூடாது, அதில் வெறும் தின்பண்டம்தான் இருந்தாலும் சரி. கண்ணாடிக்கு வெளியே நிற்பவனுக்கு அது தெரியாது. பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் உங்கள் தோளில்.

இன்னொன்று. மாமியாருக்குக் கோட்டையில் ஏற முடியாது என்றால், அவரும் மாமனாரும் நிழலில் வண்டிக்குப் பக்கத்தில் உட்காரட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காவலுக்கு உட்கார வைத்த மாதிரி அவர்களுக்குத் தோன்றும். நுழைவாயில் அருகே உட்காரும் இடம் இருக்கிறதா என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

இன்சுலின்: திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. அதனால் குளிர்ப்பையில் பனிக்கட்டிப் பொதியை மருந்தோடு ஒட்டி வைக்காமல் நடுவே ஒரு துணி வையுங்கள். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா (பேனா வடிவ ஊசி) சாதாரண அறை வெப்பத்தில் சில வாரம் தாங்கும், எத்தனை நாள் என்பதை அந்த மருந்தின் தாளிலேயே போட்டிருப்பார்கள். நிறுத்தி வைத்த கார் அறை வெப்பம் கிடையாது. வெயிலில் அடுப்பு மாதிரி ஆகிவிடும். எங்கே இறங்கினாலும் அந்தப் பை கூடவே இறங்க வேண்டும். இரண்டு முகாமிலும் குளிர்பெட்டி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "இருக்கும்" என்று போனில் சொன்னதை நம்பிப் போய் ஒரு ராத்திரி நாங்கள் பட்டது போதும்.

#16 கணக்கர்

தள்ளுபடிக்காக எட்டு இரவும் எடுத்தால், நீங்கள் மிச்சப்படுத்திய பணத்தை எரிபொருளில் கொடுப்பீர்கள். 1,550க்கும் 1,060க்கும் வித்தியாசம் 490 கி.மீ. மணிக்கு 40 என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். அதாவது ஒரு முழுப் பகல். பணமாகப் பார்ப்பதைவிட அப்படிப் பாருங்கள்.

இன்னொன்று, ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் இடமாகவே இரண்டையும் எடுங்கள்.

#17 வழித்துணை

தாமதமாக வருகிறேன். வானிலையைப் பற்றி யாரும் பேசவில்லையே.

ஊர் ஊராகத் தங்கும் திட்டத்தின் பெரிய பலவீனம் அதுதான். செவ்வாய்க்கிழமை அருவி என்று எழுதிவிட்டால் செவ்வாய்க்கிழமை மழை பெய்தாலும் அருவிதான். முகாம் போட்டால் நாட்களை மாற்றிக்கொள்ளலாம். மலையூரில் ஏரி, அருவி, காடு மூன்றுக்கும் முழுசாக மூன்று பகல் இருக்கிறது, எதை எப்போது என்று இப்போதே எழுதாதீர்கள். முந்தின நாள் மாலை வானிலை பார்த்து முடிவு பண்ணுங்கள்.

படகுக்கு இது இன்னும் முக்கியம். காற்று அடித்தால் படகு போகாது. கடலோரத்தில் மூன்று இரவு என்று கணக்கர் போட்டிருப்பதை யாராவது "இரண்டு போதுமே" என்று குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். மூன்று இரவு தங்கினால்தான் படகுக்கு இரண்டு காலை கிடைக்கும். தீவுக்கு முதல் காலையே முயற்சி செய்யுங்கள், இரண்டாவதைக் கையிருப்பாக வையுங்கள்.

கடைசி இரவை நகரத்தில் வைத்ததும் சரி. 260 கி.மீ. ஓட்டி அன்றே விமானம் பிடிப்பது வேண்டாம்.

#18 மைல்கல்

வழித்துணை சொன்ன "இரண்டு காலை" கணக்கு எனக்கே புதிது. குறித்துக்கொண்டேன்.

#19 தாழம்பூ

இரண்டு இடமும் எடுத்தாயிற்று. மலையூரில் தரைத்தள வீடு, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. நாலாம் நாள் மாலையே துவைத்து உலர்த்திவிட்டால் ஈரப் பை வேண்டாம். கடலோரத்தில் துறைக்கும் விளக்கத்துக்கும் நடுவில், சொன்ன மாதிரியே. குளிர்பெட்டி இருக்கிறது என்று இரண்டு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணவருக்காக ஒன்று விட்டுக்கொடுத்தேன்: இடம் மாறும் நாளில் குறுக்குவழியில் போகாமல் மலை விளிம்புச் சாலை வழியாகப் போகிறோம். முக்கால் மணி நேரம் அதிகம். புதுச் சாலை அவருக்கு அது ஒன்றுதான் மிச்சம்.

வந்ததும் எழுதுகிறேன்.

#20 தாழம்பூ

வந்துவிட்டோம். ஐந்து வாரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

மலையூரில் இரண்டாம் நாள் நல்ல மழை. வழித்துணை சொன்னதை நினைத்து அருவியைத் தள்ளி வைத்து, மழை விட்டதும் மதியத்துக்கு மேல் பக்கத்து ஏரிக்கு மட்டும் போனோம். மூன்றாம் நாள் போனபோது அருவியில் தண்ணீர் ரொம்ப வேகம், அருகே விடவில்லை, தூரத்திலிருந்தே பார்த்தோம். அதுவே போதுமாக இருந்தது. காட்டுக்கு நாங்கள் மூவரும்தான் போனோம். போகவர 190 கி.மீ. மாமியாருக்கு முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மாமனாரும் அவரும் வீட்டில் இருந்தார்கள். சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரரோடு பாஷை தெரியாமலே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராகப் போயிருந்தால் இது நடந்திருக்காது.

இடம் மாறிய நாள்தான் கஷ்டம். மலை விளிம்புச் சாலை அழகுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோட்டையையும் சேர்த்து எட்டு மணி நேரம் ஆனது. மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க வேண்டும்.

கடலோரத்தில் முதல் காலை ஆறரைக்குத் துறையில் நின்றோம். காற்று, படகு இல்லை என்று பலகை வைத்துவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் அன்றே ஊர் திரும்ப வேண்டியவர்கள், அந்தப் பெண் பலகையை இரண்டு மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் திரும்பி வந்து தூங்கி, மாலையில் கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். மறுநாள் காலை கடல் தட்டுப் போல இருந்தது, தீவுக்குப் போய் வந்தோம். விளக்கம் இருபது கி.மீ.தானே, அன்று மாலையும் மகள் கேட்டாள் என்று மறுபடி அழைத்துப் போனேன். முதல் நாள் விளக்கு எரியத் தொடங்குவதை அவள் தவறவிட்டுவிட்டாள், அந்த நேரம் பார்த்துக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் கல்லில் உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒளி சுற்றி வந்து முதல் தடவை எங்கள் மேல் பட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூட்டைமுடிச்சு, உங்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதிய அந்தக் காலையை ஒரு தாளில் பட்டியலாக எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். மலையூரைக் காலி செய்தபோது அதைப் படித்துவிட்டு மகள்தான் கட்டிலுக்குப் பின்னால் போனாள். மாமனாரின் சார்ஜர் அங்கேதான் தொங்கியது.